பெட்ரோல் டேங்க்கைத் திறந்துவிட்டேன்

மகனே,

கடிதத்தை ஆசீர்வாதத்தோடு ஆரம்பிப்பதுதான் முறை. இந்தத் தடவை அதை நானே வைத்துக்கொள்கிறேன். உனக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று இதை முழுவதும் எழுதி முடித்த பிறகு பார்க்கலாம். நீ பெங்களூரில் சௌக்கியமாக இருப்பாய். உனக்கு என்ன குறை, எப்போதும் சௌக்கியமாகத்தான் இருந்திருக்கிறாய். உன்னைச் சுற்றி இருந்தவர்களுக்குத்தான் ஏதாவது ஆகும்.

உன் கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு அப்பாவின் பழைய கார் வேண்டும், மாப்பிள்ளை அழைப்புக்கு அதில்தான் வரப்போகிறேன், பெண்ணின் அப்பாவுக்குப் பழைய மோட்டார் என்றால் உயிர் என்றெல்லாம் எழுதியிருந்தாய். சந்தோஷம். அதற்குக் கீழே, வண்டியை யாரும் தொடவேண்டாம், பெட்ரோல் டேங்க்கைத் திறக்கவே வேண்டாம், அப்படியே லாரியில் ஏற்றி அனுப்புங்கள், இங்கே நல்ல மெக்கானிக் இருக்கிறான் என்று எழுதி, 'திறக்கவே' என்ற வார்த்தைக்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தாய். நீ சொன்னதை நான் எந்தக் காலத்தில் கேட்டேன்? என் பிள்ளை கல்யாணத்துக்கு லாரி முதுகில் பிணம் மாதிரி கார் போவதா? நம் பேரிகை ஊர்க் கடைவீதி வழியாகத் தன் காலாலேயே ஓடிப் போகட்டும் என்று நினைத்தேன். டேங்க்கைத் திறந்துவிட்டேன். என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். எனக்கு இப்போதுதான் தெரிந்தது. இனிமேல் மிச்சம் இருக்கிற கேள்வி ஒன்றுதான். உன் அக்காள் ரத்னா பெற்றுப்போட்டுவிட்டுப் போன சாந்தாவுக்கு, அவளுடைய அம்மா ஏன் செத்தாள் என்பதை யார் சொல்வது? நீயா, நானா? அதைக் கேட்கத்தான் இத்தனை காகிதம்.

ஓசூரிலிருந்து நஞ்சுண்டனை வரவழைத்தேன். லாரிப் பட்டறை வைத்திருக்கிறானே, அவன்தான். வாய் ஓயாது. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான், நடுவில் வெற்றிலை எச்சிலைத் துப்ப மட்டும் நிறுத்துவான். கொட்டகைக் கதவைத் திறந்ததும், "சிவனே! அம்மா, இது காரா, கரையான் புத்தா?" என்றான். "வாயை மூடிக்கினு வேலையப் பாரு" என்றேன். "வாய மூடினா கை ஓடாது ரீ" என்று சிரித்தான். உன் அப்பா போனபின் அவருடைய சாவிக்கொத்து என் இடுப்பில்தானே இருக்கிறது. டேங்க் மூடிக்குப் போட்ட அந்தச் சின்னப் பித்தளைச் சாவியும் அதில் இருந்தது. பூட்டு இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, தட்டித் தட்டித் திறந்தான். அடியில் வடிக்கிற திருகைத் தேடினான், காணோம். உன் அப்பா அதன்மேல் ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்து வைத்திருந்தார் அல்லவா, டிரைவர் ராத்திரியில் பெட்ரோலை வடித்து விற்றுவிடுவான் என்று! மேலே பூட்டு, கீழே ஈயம். நஞ்சுண்டன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "காருக்கு இப்பிடி ஒரு கோவணம் கட்டுனவரு யாருங்க?" என்றான். எங்கள் வீட்டுக்காரர் என்று சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எனக்கு டேங்க் காலியாக இருக்கும் என்றுதான் நினைப்பு. ஏன் இருக்காது? உன் அப்பா சொன்னார், நீ சொன்னாய், ஊரே சொன்னது. டிரைவர் முனியப்பன் கள்ளச்சாவி போட்டுப் பெட்ரோலைத் திருடி விற்றுவிட்டான், வழியில் பெட்ரோல் தீர்ந்து கார் நின்றது, அதனால் ரத்னா செத்தாள். இதுதானே கதை? நஞ்சுண்டன் ஒரு குச்சியை உள்ளே விட்டு எடுத்தான். முக்கால் குச்சி நனைந்து வந்தது. "அம்மா, நெறைய இருக்குது!" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரப்பர்க் குழாயை விட்டு உறிஞ்சித் தகரத்தில் விட்டான். முதலில் வந்தது பழைய கஷாயம் மாதிரி, பெயிண்டு டப்பாவைத் திறந்தால் வருமே அந்த நாற்றம். குழாயை இன்னும் அடிக்கு இறக்கினான். செந்தண்ணீர் வந்தது. துரு கரைந்த தண்ணீர். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் இரண்டையும் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினான். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர், நடுவில் கோடு போட்டதுபோல் தனித்தனியாக நின்றன.

"மழைத்தண்ணி எறங்கியிருக்குமா?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்கத் தோன்றியது. பெற்றவள் அல்லவா. "கொட்டாயில நிக்கிற வண்டிக்கு மழையாம்மா? வேர்த்து எறங்கற தண்ணி ஆழாக்கு இருக்கும். இது கொடத்துக் கணக்கு. எவனோ ஒரு புண்ணியவான் ஊத்தியிருக்கான்" என்றான். பிறகு டேங்க்கையே கழற்றி முற்றத்தில் கொண்டுவந்து போட்டான். பீடி வைத்திருந்த ஆட்களையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் விரட்டினான். காலி டேங்க்கில் நிற்கிற ஆவிக்கு ஒரு பொறி போதுமாம். விளக்கு வைத்துப் பார்க்கமாட்டேன் என்று சொல்லி, நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்த காலத்துக் கண்ணாடியை வாங்கி, வெயிலைத் திருப்பி உள்ளே விட்டு என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னான். பார்த்தேன். அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் துரு. அதற்கு மேலே தகரம் பளிச்சென்று இருந்தது. குளத்தில் தண்ணீர் வற்றினால் படித்துறையில் கறை நிற்குமே, அப்படி. சாந்தா என் பக்கத்தில் நின்றுகொண்டு தானும் எட்டிப் பார்த்தாள். "அவ்வா, தண்ணி ஊத்துனது யாரு?" என்று கேட்டாள். "தெரியாது" என்று சொன்னேன். உங்கள் பொய்க்கு நானும் ஒரு கை கொடுத்தேன், பார். வீட்டுப் பழக்கம் தொற்றிக்கொள்கிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, நீ முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் சொல்லப்போகிறேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படி இருந்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. ரத்னாவின் தலை என் மடியில். விடிகாலையில் வலி எடுத்தது, மருத்துவச்சி பார்த்துவிட்டுக் கையை விரித்தாள், கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள். உன் அப்பா சேலத்துக்குக் கோர்ட்டு வேலையாகப் போயிருந்தார். சூளகிரி தாண்டும்வரை கார் இருமிக்கொண்டே வந்தது. குருபரப்பள்ளிக்கு இந்தப் பக்கம், நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. முனியப்பன் இறங்கிப் பைப்பைக் கழற்றினான், வாயால் ஊதினான், உறிஞ்சித் துப்பினான், மாட்டினான். கொஞ்சம் ஓடியது, மறுபடி நின்றது. அவன் உன் ஜன்னலுக்கு வந்தான். "சின்னய்யா, டேங்க்குல அழுக்கு நிக்குது. மூடியத் தொறந்து அடியில இருக்கறத உறிஞ்சி எடுத்துட்டா ஓடிடும். சாவி குடுங்க" என்றான். நீ, "சாவி அப்பாகிட்ட இருக்குது, எங்கிட்ட ஏது?" என்றாய். அவன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பவும் கேட்டான். கும்பிட்டுக் கேட்டான். "இல்லன்னு சொல்றேன்ல?" என்று கத்தினாய். அவன் போய் ஒரு கருங்கல்லை எடுத்துக்கொண்டு வந்தான், பூட்டை உடைக்க. நீ கதவைத் திறந்து இறங்கி ஓடி அவனைத் தள்ளிவிட்டாய். "அப்பா வந்தா உன்னையக் கொன்னு போட்டுடுவாரு" என்றாய். ரத்னா கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கத்தலுக்கு மேலே உன் குரல் கேட்டது.

அப்புறம் ராகி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த மாட்டு வண்டியை நிறுத்தி, மூட்டையைத் தள்ளிவிட்டு, அவளைத் தூக்கிப் போட்டோம். வண்டியிலேயே சாந்தா பிறந்தாள். பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. என் புடவையைச் சுருட்டி வைத்து அழுத்தினேன், அதுவும் நனைந்து வழிந்தது. வண்டிக்காரன் மாட்டை அடித்து அடித்து ஓட்டினான். கிருஷ்ணகிரி மலை கண்ணுக்குத் தெரிந்தது. ரத்னா "இன்னும் எவ்ளோ தூரம்மா?" என்று கேட்டாள். இதோ வந்துவிட்டோம் என்று சொன்னேன். குழந்தை நன்றாக அழுதது. அது ஒன்றுதான் அந்த வண்டியில் உயிரோடு இருப்பதாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காரில் வந்திருக்கலாமே" என்றார். எங்களிடம் கார் இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரைக்கும் எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் தெரியாமல் இருந்தேன். மறுநாள் காரியத்துக்கு உன்னைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டியது. உன் அரைஞாண் கயிற்றில் அந்தப் பித்தளைச் சாவி தொங்கியது. டிரைவரை நம்ப முடியாது, என் பிள்ளையைத்தான் நம்புவேன் என்று உன் அப்பாவே தன் கையால் கட்டிவிட்ட இரண்டாவது சாவி. நான் பார்த்தேன். பாவம், பயத்தில் பிள்ளை மறந்துவிட்டான் என்று நினைத்தேன். டேங்க்கே காலி என்று நீங்கள் இருவரும் சொல்லும்போது, சாவி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவ்வளவு புத்திசாலி உன் அம்மா.

நேற்று அந்தச் செந்தண்ணீரைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அப்போது பெட்ரோலுக்கு ரேஷன், கூப்பனுக்குத்தான் கிடைத்தது. ஓசூரில் உன் சிநேகிதன் ஒருவன் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். இரண்டு பேரும் பெங்களூருக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு, கப்பன் பார்க்கில் சுற்றிவிட்டு வருவீர்கள். கூப்பன் இல்லாதவனுக்கு எங்கிருந்து பெட்ரோல் வருகிறது என்று நான் கேட்டதில்லை. உன் அப்பா தினமும் காலையில் பல் விளக்குகிறாரோ இல்லையோ, டேங்க்கில் குச்சி விட்டுப் பார்ப்பார். மூங்கில் குச்சியில் கத்தியால் கீறி அளவு வைத்திருந்தார். குச்சிக்கு நனைவதுதான் தெரியும், எதில் நனைகிறது என்று தெரியாது. நீ எடுத்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவைத்தாய். என்ன சாமர்த்தியம்! எடுக்க எடுக்க ஊற்றினாய். தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பைப்பு வாய்க்கு அது எட்டுகிறவரைக்கும் கார் ஓடியது. எட்டின நாள் ரத்னாவுக்கு வலி எடுத்தது.

சந்தேகம் மட்டும் போதாது என்று முனியப்பனைப் பார்க்கப் போனேன். நானே நடந்து போனேன், அவர்கள் தெருவுக்கு. நம் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை, எனக்கு வழிகூடத் தெரியவில்லை. அவன் இப்போது ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிறான். டிரைவர் வேலை அவனுக்கு யார் கொடுப்பார்கள்? உன் அப்பா அவனைப் புளியமரத்தில் கட்டிவைத்து, இடுப்பு வாரைக் கழற்றி அடித்ததை ஊரே நின்று பார்த்ததே. நீயும் நின்றாய். அவன் என்னை வா என்று சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே கல்லை உடைத்துக்கொண்டிருந்தான், என்னை வெயிலில் நிற்கவைத்து. "டேங்க்கத் தொறந்தேன், முனியப்பா" என்றேன். சுத்தியல் நின்றது. "தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டான். நான் தலையை ஆட்டினேன்.

"அதான் அய்யாவுக்கு அப்பவே தெரியுமே" என்றான். எப்படித் தெரியும் என்றேன். "சின்னய்யா கிணத்து மேட்டுலேருந்து கொடத்தத் தூக்கிக்கினு கொட்டாய்க்குள்ள போறத நான் பாத்தேன். அய்யாகிட்ட சொன்னேன். எம்புள்ளயவாடா திருடன்னு சொல்றன்னு செருப்பால அடிச்சாரு. அதுக்கப்புறம் நான் தண்ணின்னு வாயத் தொறக்கல, அழுக்குன்னுதான் சொல்லுவேன். அந்தம்மா செத்த அன்னைக்கி அய்யா சேலத்துலேருந்து வந்தாரு. நீங்கல்லாம் பொணத்துகிட்ட அழுதுக்கினு இருந்தீங்க. மாடு பூட்டிக் காரை இழுத்தாந்து கொட்டாயில விட்டிருந்தோம். மூடியத் தொறந்து குச்சி விட்டாரு. மோந்து பாத்தாரு. கையில தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தாரு. மறுபடி பூட்டுனாரு. அப்புறம் என்னையத் திரும்பிப் பாத்தாரு. அடி எனக்குத்தான்னு அப்பவே தெரிஞ்சிபோச்சு." இவ்வளவையும் அழாமல், கோபப்படாமல், சந்தை விலை சொல்வதுபோல் சொன்னான். சாவு விழுந்த வண்டி, இதை யாரும் தொடக்கூடாது என்று உன் அப்பா கொட்டகையைப் பூட்டினாரே, மகள்மேல் அவ்வளவு துக்கம் என்று நான் உருகிப்போனேன். அவர் இருக்கும்போது வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கதவுக்குக் கற்பூரம் காட்டினேன். உன் திருட்டுக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறேன்.

நான் முனியப்பனைக் கேட்டேன், கல்யாணத்துக்குக் காரை நீதான் ஓட்டவேண்டும், ஊர் பார்க்க ஓட்டவேண்டும் என்று. பெரிய மனது பண்ணுகிறோம் என்று நினைத்துக் கேட்டேன். அவன் சிரித்தான். "உங்க வண்டிமேல நான் எச்சிகூடத் துப்பமாட்டேன்" என்றான். பிறகு தலைத்துண்டை விலக்கி நெற்றியைக் காட்டினான். புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுக்காயம், இன்னும் ஆறவில்லை. "உங்க பேத்தி வுட்ட கல்லு. குறி தப்பல. நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க" என்றான். ஆமாம், பழக்கித்தான் வைத்திருக்கிறோம். அவன் தெருவில் போனால் பிள்ளைகள் "பெட்ரோல் திருடன்" என்று கத்திக்கொண்டு கல் எறிவார்கள், சாந்தா முன்னால் நிற்பாள். அம்மாவைக் கொன்றவன் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? நீ பெங்களூரிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போவாயே, அப்போது ஒருநாள் அவனைக் கைகாட்டிச் சொன்னாயாம். அவள்தான் சொன்னாள், பெருமையாக. நீ சொல்லாமல் சும்மா இருந்திருக்கலாம். அவளுடைய அப்பன் கோலார்ப் பக்கம் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டான், அந்தக் குழந்தைக்கு ஆண்பிள்ளை என்று நீ ஒருத்தன்தான். தாய்மாமன்! மடியில் உட்காரவைத்துக் காது குத்தினாய். அவள் வலியில் கத்தியபோது உன் கண்ணில் தண்ணீர் வந்ததை ஊரார் மெச்சினார்கள்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லவேண்டியது தாயின் கடமை. சொல்கிறேன், கேட்டுக்கொள். வரப்போகிறவளுக்கு வலி எடுத்தால் மாட்டுவண்டி கட்டு. மாட்டின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை யாரும் மறைத்துவைக்க முடியாது. வீட்டில் வேலை செய்கிறவன் ஏதாவது வந்து சொன்னால் செருப்பைத் தேடுமுன் காதைக் கொடு. இது உன் அப்பாவுக்குச் சொல்லவேண்டியது, அவர் தப்பித்துக்கொண்டார். உனக்குப் பிள்ளை பிறந்து அது தப்பு செய்தால், அதற்காக வேறு ஒருவன் முதுகைத் தேடாதே. உன் அப்பா உன்னைக் காப்பாற்றினார் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அவர் உன்னை அந்த டேங்க்குக்குள் போட்டுப் பூட்டினார். நீயும் இத்தனை வருஷம் உள்ளேயே இருந்து துருப்பிடித்துவிட்டாய். அறியாத வயசு என்று சொல்லாதே, மீசை வைத்திருந்தாய். பெட்ரோல் எடுத்ததை நான் மன்னிப்பேன். வயசுப் பிள்ளைகள் எடுப்பார்கள். தண்ணீர் ஊற்றியதைக்கூட மன்னித்துவிடுவேன், இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாது. ஆனால் கார் நின்ற பிறகு உனக்குத் தெரிந்துவிட்டது. உன் இடுப்பில் சாவி, பின்னால் உன் அக்காள். நீ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் மானத்தைப் பார்த்துக்கொண்டாய். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை, முயற்சி செய்யவும் எனக்கு இஷ்டமில்லை.

ஆகவே கேள். பந்தக்கால் நடுவதற்கு முன்னால் நீ இங்கே வரவேண்டும். சாந்தாவை உட்காரவைத்து, நீயே உன் வாயால் சொல்லவேண்டும். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு முனியப்பன் வீட்டுக்குப் போகவேண்டும். அவன் என்ன செய்தாலும் வாங்கிக்கொண்டு வரவேண்டும். வந்தால் கல்யாணத்துக்கு உன் அம்மாவாக வருவேன், நல்ல புடவை கட்டிக்கொண்டு, சம்பந்திகளைக் கும்பிட்டுச் சிரித்துக்கொண்டு, இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசாமல். வராவிட்டால் நானே சொல்வேன், அவளுக்கு மட்டும் இல்லை.

நேற்று இதோடு நிறுத்தி, தபாலில் போடுவதற்காக மடித்து வைத்திருந்தேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்னதற்காக நீ இனி வரவேண்டாம்.

இன்று சந்தை. சாந்தாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், கல்யாணத்துக்கு வளையல் வேண்டும் என்று உயிரை எடுத்தாள். கைநிறையப் போட்டுக்கொண்டு குலுக்கிக் குலுக்கி வந்தாள். திரும்பும்போது முனியப்பன் எதிரே வந்தான், தலையில் விறகுக் கட்டு. இவள் குனிந்தாள். நான் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன், கோபத்தில் எவ்வளவு அழுத்தினேனோ, புது வளையல் உடைந்து கையில் கீறிவிட்டது. "ஏன் அவ்வா? அவன் திருடன்தானே?" என்றாள். நடுத்தெரு, உச்சி வெயில், நாலுபேர் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், மாமன் வந்து சொல்லட்டும் என்று நினைத்தேன். வாய் நிற்கவில்லை. "அவன் திருடலடி" என்றேன். "பின்ன யாரு?" என்றாள். சொல்லிவிட்டேன். தண்ணீர், குச்சி, பூட்டு, சாவி, ராகி வண்டி, தாத்தா மோந்து பார்த்தது, எல்லாவற்றையும். பெரிய மனுஷிக்குச் சொல்வதுபோல் சொன்னேன். முனியப்பன் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். கையில் எடுத்த கல்லைக் கீழே போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கீறலிலிருந்து ரத்தம் விரல் வழியாக இறங்கியது, அதையும் துடைக்கவில்லை. "எங்கம்மாவுக்குக் கேட்டுச்சா அவ்வா, மாமா சாவி இல்லன்னு சொன்னது?" என்றாள். கேட்டிருக்கும், நான் பக்கத்தில்தானே இருந்தேன், எனக்குக் கேட்டதே என்றேன். "மாமா ஏன் அப்பிடி சொன்னாரு?" என்றாள். பயம் என்றேன். "யாருக்குப் பயம்? தாத்தாவுக்கா? தாத்தாதான் மாமாவ அடிக்கவே மாட்டாரே?" என்றாள். உன் அப்பா உன்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதற்குத்தான் பயந்தாய்?

வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். வழக்கம்போல் மோர் கேட்டாள். மாமா கல்யாணத்துக்குப் போகவேண்டாம், உனக்கு வருத்தமாக இருக்கும் என்று நானே சொன்னேன். முறைத்துப் பார்த்தாள். "நான் வருவேன். நீங்க சொன்னா எனக்குப் புரியல. மாமாகிட்டயே கேட்டுக்கறேன்" என்றாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறாயா என்றேன். "எதுக்குத் தனியா? மாமாவும் என்னையத் தனியாக் கூப்ட்டா சொன்னாரு, கடத்தெருவுல எல்லார் முன்னாடியும்தானே சொன்னாரு?" என்றாள்.

கார் தயாராகிவிட்டது. டேங்க்கில் கூழாங்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். அடியில் ஊசித் துவாரங்கள் விழுந்திருந்தன. நஞ்சுண்டன் முழுக்கத் தண்ணீர் நிரப்பி ஆவியை விரட்டிவிட்டுத்தான் ஈயம் பற்றவைத்தான். டேங்க்கில் நல்ல காரியத்துக்கும் தண்ணீர் ஊற்றலாம் என்று தெரிந்துகொண்டேன். காயவைத்து, புதுப் பெட்ரோல் விட்டுக் கைப்பிடியைச் சுற்றியதும் மூன்றாம் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. நஞ்சுண்டன் ஓட்டுகிறான், நானும் சாந்தாவும் வருகிறோம். முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவோம், கவலைப்படாதே.

இனி நான் உன்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவள் மாப்பிள்ளை அழைப்பின்போது கேட்பாளா, நீ தாலியைக் கையில் எடுக்கும்போது கேட்பாளா, எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், சொல்லமாட்டேன் என்கிறாள். நான் தடுக்கமாட்டேன். உன் பெண்டாட்டியும் அவளைப் பெற்றவர்களும் பக்கத்தில் இருப்பார்கள், ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொள். சாந்தா மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று மட்டும் நினைக்காதே. அவளுக்கு அச்சாக ரத்னாவின் குரல், பந்தல் முழுக்கக் கேட்கும்.